நினைவகத்தையும் அளந்து வாங்குவோம்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. தண்ணீரின் அருமை அறியாதார் இங்கில்லை. சமையலறையில் செம்பும் குடமும்; ஊரருகே ஊருணி; அதற்கப்பால் கண்மாய். செம்புத் தண்ணீர் உடனே கைக்கு எட்டும், ஆனால் கொஞ்சமே. கண்மாய் நீர் ஏராளம், கொண்டுவர நேரமாகும்.

கணிப்பொறியின் நினைவகமும் இவ்வாறே அமைந்துள்ளது. செயலியை ஒட்டிய 'கேஷ்' செம்பு போன்றது. 'ரேம்' குடம் போன்றது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. கண்மாய் போன்றது. மின்சாரம் நின்றால் ரேமில் உள்ளவை அழிந்துவிடும், எஸ்.எஸ்.டி.யில் உள்ளவை நிலைத்திருக்கும்.

சொன்னதும் அளந்ததும்

ரேமின் விரைவும் அழியாத் தன்மையும் ஒருங்கே அமைந்த நினைவகம் வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் நெடுநாள் வேட்கை. 2015இல் இன்டெல், மைக்ரான் நிறுவனங்கள் அத்தகையதொரு நினைவகத்தை அறிவித்தன. எஸ்.எஸ்.டி.யில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தைவிட 1,000 மடங்கு வரை விரைவானது என்றும் கூறின. 'ஆப்டேன்' என்ற பெயரில் 2017இல் அது விற்பனைக்கு வந்தது.

ரேமுக்குரிய இடத்திலேயே பொருத்தும் வடிவம் 2019இல் வந்தபோது, அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை அளந்து பார்த்தனர். சிதறிக் கிடக்கும் தகவலைப் படிக்க அது எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 300 நானோ நொடி. ரேமுக்கு ஏறத்தாழ 100. ஃபிளாஷை வென்றது, ரேமை எட்டவில்லை. 2022இல் இன்டெல் அத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது.

2024இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், 0, 1 என்ற இரண்டு நிலைகளுக்குப் பதிலாக 16,500 நிலைகளைத் தாங்கும் மூலக்கூறு நினைவகத்தை உருவாக்கினர். பெருமைக்குரிய செய்தி. எனினும், எத்தனை முறை எழுதினாலும் தாங்குமா, வெப்பத்தைப் பொறுக்குமா, என்ன விலையாகும் என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே எந்தப் புதிய நினைவகமும் வீடு வந்து சேரும்.

நம் வீட்டிற்கு

மகளின் படிப்புக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கணிப்பொறி வாங்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான எஸ்.எஸ்.டி. பலவற்றில், உறையில் அச்சிட்ட எழுதும் வேகம் சிறிது நேரமே நீடிக்கும். அதனுள் விரைவாக எழுதுவதற்கென ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் வேகம் சரிந்துவிடும். ஆகவே சிறிய கோப்பைக் கொண்டு சோதிக்காமல், பல கிகாபைட் அளவுள்ள கோப்பை நகலெடுத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். மிக மலிவாகக் கிடைக்கும் பென் டிரைவை முழுவதும் நிரப்பி, எழுதியவற்றைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அப்போது அகப்பட்டுவிடும்.

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் வன்மையாகக் கண்டிக்கிறது. படியும் தராசும் இருந்த இடத்தில் கிகாபைட்டும் நானோ நொடியும் வந்துவிட்டன. விற்பவரின் நேர்மையும் வாங்குபவரின் விழிப்பும் மட்டும் மாறாதிருக்கட்டும்!