கப்பல் ஏறும் முன்னே கணக்குப் பாருங்கள்!

சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம். குளிர்பானத்துக்குத் தனிப் பணம்!

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்யும் கார்கள் கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கார்கள் சென்னைத் துறைமுகத்தில் ஏறுகின்றன. ஒரகடத்தில் உருவான நிசான் கார்கள் 2010-ஆம் ஆண்டு முதல் எண்ணூர்த் துறைமுகம் வழியாகக் கடல் கடக்கத் தொடங்கின.

கார் கப்பல் ஏறுகிறது. காரைச் செய்தவர்?

அவரும் ஏறலாம் என்ற காலம் வந்துவிட்டது!

2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, சென்னைத் துறைமுகத்தில் "எம்பிரஸ்" என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கோர்டிலியா என்ற இந்தியக் கம்பெனி அதை நடத்துகிறது. மறு ஆண்டு, 2023 ஜூன் 5-ந் தேதி, அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்கும் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அதுமுதல் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு பேச்சு. "போனஸ் வந்ததும் குடும்பத்தோடு ஒரு தடவை போய் வந்தால் என்ன?"

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் ஆண்டு முழுவதும் உழைத்து வாங்கிய போனஸ், இரண்டே இரவில் கடலில் கரைந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காகவே இந்தக் கட்டுரை.

அந்தக் காலக் கப்பல்

நம் தாத்தாக்களுக்கும் கப்பல் தெரியும். "ரஜூலா" என்ற கப்பல் 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியது. பிழைப்பைத் தேடிப் போனவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அதற்குப் பின் "சிதம்பரம்" என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீ விபத்து ஏற்பட்டது. பலர் மாண்டார்கள். அதோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது.

அன்று கப்பல் ஏறியவர், ஓர் ஊருக்குப் போவதற்காக ஏறினார். இன்று ஏறுபவரோ, கப்பலில் இருப்பதற்காகவே ஏறுகிறார்! சாப்பாடு, நீச்சல் குளம், ஆட்டம், பாட்டு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அதாவது, அது ஒரு மிதக்கும் ஓட்டல்.

எம்பிரஸ் கப்பல் 1990-இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டது. நீளம் 210 மீட்டருக்கு மேல். அதைவிடப் பெரியவையும் உலகில் ஓடுகின்றன. அமெரிக்காவில் 2024-இல் ஓடத் தொடங்கிய "ஐகான் ஆப் தி சீஸ்" கப்பலில் 7,600 பிரயாணிகள் வரை ஏறலாம்!

சிறிய கப்பலோ, பெரிய கப்பலோ, வியாபாரம் ஒன்றுதான். டிக்கெட்டில் கொஞ்சம் லாபம். கப்பலுக்குள் நீங்கள் செய்யும் செலவில் மீதி லாபம். இதைப் புரிந்துகொண்டவர் ஏமாற மாட்டார்.

வயிறு நிறையச் சாப்பாடு

முதலில் நல்ல செய்தி. காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, மாலைப் பலகாரம், இரவு விருந்து எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். எத்தனை தடவை தட்டை எடுத்தாலும் கேட்பவர் இல்லை.

சாப்பிடும் இடம் இரண்டு வகை. ஒன்று, வரிசையில் நின்று வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் இடம். கல்யாண வீடுகளில் "பபே" என்கிறார்களே, அதேதான். மற்றொன்று, மேஜையில் உட்கார்ந்தால் பரிமாறும் சாப்பாட்டுக் கூடம். அங்கே இரவு விருந்தைப் பல கப்பல்களில் இரண்டு பந்தியாக நடத்துவார்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் முதல் பந்தியைக் கேளுங்கள். இரண்டாம் பந்திக்குள் பிள்ளைகள் தூங்கிவிடும்!

மூன்றாவதாக ஓர் இடமும் உண்டு. அழகான விளக்கு, சிறிய கூடம், தனிச் சமையல்காரர். இங்கேதான் ஜாக்கிரதை! இது பெரும்பாலும் டிக்கெட்டில் அடங்காது. உட்காரும் முன், "இது டிக்கெட்டில் சேர்ந்ததா, தனிப் பணமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கேவலம் இல்லை.

சைவம் சாப்பிடும் பாட்டி வருகிறாரா? இந்தியாவில் ஓடும் கப்பலில் சைவ உணவும், ஜைன உணவும் கிடைக்கும். வெளிநாட்டுக் கப்பல் என்றால், பதிவு செய்யும்போதே "சைவம்" என்று எழுதி வாங்குங்கள். ஏறிய பிறகு சொன்னால், ரொட்டியும் பழமும்தான் மிஞ்சும். நிலக்கடலை போன்றவை உடம்புக்கு ஒவ்வாது என்றால், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். வெளிச்சாப்பாட்டை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். தண்ணீர் காய்ச்சும் கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவையும் கூடாது. கப்பலில் தீ என்றால் ஓடி ஒளிய இடம் இல்லை. அதனால்தான் இந்தக் கண்டிப்பு. குழந்தையின் பால் மாவு, மருந்து ஆகியவற்றுக்குத் தடை இல்லை. இவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். அது உங்கள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம்.

குளிர்பானத்தில் கோட்டை விடாதீர்கள்

சாப்பாட்டு வேளையில் தண்ணீர், காப்பி, டீ இலவசமாகக் கிடைக்கும். கடல் நீரையே நல்ல நீராக மாற்றும் இயந்திரங்கள் இப்போது பெரிய கப்பல்களில் இருக்கின்றன. பயப்படாமல் குடிக்கலாம்.

ஆனால் சோடா, கலர், பழரசம், மது எல்லாவற்றுக்கும் தனிப் பணம். நீச்சல் குளத்து ஓரம் ஒரு சிப்பந்தி வருவார். கையில் வண்ண வண்ணக் கோப்பைகள். பிள்ளை கை நீட்டும். பணம் கேட்க மாட்டார்! உங்கள் அட்டையைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவார். கடைசி நாளில் பில் வரும்போதுதான் கண் விழிக்கும். அறைக்குள் உள்ள சிறு பிரிட்ஜில் பாட்டில் இருந்தாலும் விலை கேட்காமல் திறக்காதீர்கள்.

இதற்கு மாற்றாக, "பேக்கேஜ்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டால், அந்த வகைப் பானங்களை வேண்டிய மட்டும் குடிக்கலாம். குளிர்பானத்துக்கு ஒரு பேக்கேஜ், மதுவுக்கு ஒரு பேக்கேஜ் என்று பிரித்து விற்பார்கள்.

வாங்கலாமா, கூடாதா? கணக்குப் போடுங்கள்.

குளிர்பானப் பேக்கேஜ் ஒரு நாளைக்கு 700 ரூபாய், ஒரு கோப்பையின் சில்லறை விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கோப்பை குடித்தால் 600 ரூபாய். பேக்கேஜ் நஷ்டம். நான்கு குடித்தால் 800 ரூபாய். பேக்கேஜ் லாபம். உங்கள் பிள்ளை ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைதான் குடிக்கும் என்றால் 400 ரூபாயோடு போயிற்று. பேக்கேஜ் வாங்கினால் நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் வீண். இரண்டு பிள்ளைகள், இரண்டு நாள் என்றால் 1,200 ரூபாய் போய்விடும்!

இன்னும் சில விஷயங்களைக் கவனியுங்கள்:

பேக்கேஜை ஒரு நாளுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். பயணம் முழுவதற்கும் வாங்க வேண்டும். ஆனால் முதல் நாள் ஏறுவது மாலையாக இருக்கலாம். கடைசி நாள் காலையில் இறங்கிவிடுவீர்கள். நடுவில் ஒரு நாள் ஊர் பார்க்கப் போனால், அன்று பகல் கப்பலில் இருக்கவே மாட்டீர்கள்.

ஒருவர் வாங்கியதை இன்னொருவர் குடிக்க முடியாது. ராயல் கரீபியன் போன்ற கம்பெனிகளில், மதுப் பேக்கேஜை அறையில் உள்ள பெரியவர் ஒருவர் வாங்கினால் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். கணவன் ஆசைக்கு மனைவியும் பணம் கட்ட வேண்டும்!

"வேண்டிய மட்டும்" என்பதற்கும் எல்லை உண்டு. கார்னிவல் என்ற அமெரிக்கக் கம்பெனி, மதுப் பேக்கேஜில் ஒரு நாளைக்கு 15 பானத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

பேக்கேஜ் விலை பெரும்பாலும் முன்பதிவில் குறைவு. ஏறிய பிறகு அதிகம். ஆகவே முடிவை வீட்டிலேயே எடுங்கள். மது குடிக்காத குடும்பம், குளிர்பானத்தையும் அளவோடு குடிக்கும் குடும்பம் என்றால் பேக்கேஜே வேண்டாம். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நிரப்பிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

பதிவு செய்வது எப்படி?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு விலை இருக்கும். அது ஓர் ஆளுக்கு உரிய விலை. அதுவும், ஓர் அறையில் இருவர் தங்கினால் உள்ள விலை. அதன் மேல் துறைமுகக் கட்டணம், வரி, சிப்பந்திகளுக்கு அன்பளிப்பு என்று சேரும். "எல்லாம் சேர்த்து என் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த ஒரு தொகையை வைத்துத்தான் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும்.

அறைகளில் ஜன்னல் இல்லாதது விலை குறைவு. கடல் தெரியும் ஜன்னல் உள்ளது அதைவிட அதிகம். பால்கனி உள்ளது இன்னும் அதிகம். தூங்கக் குளிக்க மட்டும் அறைக்குப் போகிறவருக்கு ஜன்னல் எதற்கு? கடல் மேல்தளத்தில் இலவசமாகத் தெரிகிறது!

ஓர் அறையில் பெரும்பாலும் நான்கு பேர் வரைதான் தங்கலாம். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு விலை குறையும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஓர் அறை போதும். பாட்டியும் வந்தால் ஐந்து பேர், இரண்டு அறை! அப்போது மொத்தச் செலவு நன்றாக ஏறும். பாட்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. முன்பே தெரிந்துகொள்ளச் சொல்கிறோம்.

பாட்டிக்குத் தலைசுற்றல் வருமா? கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பல கம்பெனிகள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தையையும் ஏற்றுவதில்லை.

போனஸ் ஒரு காலம், பயணம் ஒரு காலம்!

போனஸ் வருவது தீபாவளிக்கு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்றால் வங்கக் கடலில் புயல் காலம். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும். சென்னையில் இருந்து கப்பல் சில மாதங்களில் மட்டுமே புறப்படுகிறது. ஆகவே போனஸ் பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். கப்பல் புறப்படும் தேதிகள் வெளிவந்ததும், பள்ளி விடுமுறையையும், உங்கள் லீவையும் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

தேதி நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும். கடைசியில் முழுப் பணமும் போகலாம். எனவே மேஸ்திரியிடமோ மேலாளரிடமோ லீவு உறுதியான பிறகே பணம் கட்டுங்கள்.

இலங்கைப் பயணத்துக்கு பாஸ்போர்ட் வேண்டும். அதில் இன்னும் ஆறு மாதமாவது காலம் மீதி இருக்கட்டும். விசா விதியையும் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பயணத்துக்குப் படம் உள்ள அரசு அடையாள அட்டை போதும். டிக்கெட்டில் பெயர், அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

ஏஜெண்டிடம் பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பதிவு எண்ணைக் கம்பெனியிடம் நேரில் சரிபாருங்கள். "பாதி விலை, இன்று மட்டும்" என்று செல்போனில் செய்தி வந்தால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. டிக்கெட்டில் சொன்ன ஊரில் கப்பல் நிற்காமலும் போகலாம். 2022 ஜூனில் எம்பிரஸ் கப்பல் புதுச்சேரிக் கடலோரம் வந்து நின்றது. சூதாட்டம் இருப்பதாக எதிர்ப்பு எழுந்தது. அரசு அனுமதி கிடைக்கவில்லை. பிரயாணிகள் ஊரைப் பார்க்காமலேயே போக நேர்ந்தது. இப்படி நடந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை விதிகளில் படித்துப் பாருங்கள்.

ஒரகடத்தில் இருந்து துறைமுகம் சுமார் 50 கிலோமீட்டர். இரவு ஷிப்டு முடித்துவிட்டு ஓடிப்போய் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். வாசல் பல மணி நேரம் முன்பே மூடிவிடும். பஸ்சாவது அடுத்தது வரும். கப்பல் வராது!

கப்பல் நகர்ந்ததும் செல்போனை விமான நிலையில் வையுங்கள். நடுக்கடலில் கப்பலின் கோபுரம் பிடித்தால் பெரிய பில் வரும். கடைசி இரவில் உங்கள் கணக்கைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் பாருங்கள். காலையில் இறங்கும் கூட்டத்தில் சண்டை போட நேரம் இராது.

காலையில் எழுந்து பிள்ளைகளை மேல்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். நான்கு பக்கமும் கடல். கிழக்கே சூரியன் மெல்ல எழும். கையில் இலவசக் காப்பி. அந்தக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, பேக்கேஜும் இல்லை.

வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு வந்தவருக்குத்தான் அது இனிக்கும்!