வலைப்பூவும் விளம்பர வருவாயும்

நுழையும்முன்

எழுத்து எழுதுவோருக்கு இன்பம் தரும். வாழ்க்கைக்குப் பொருளும் வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக இதழியலில் நெடுங்காலமாக விளம்பரம் இருந்துவருகிறது. அச்சு இதழில் வளர்ந்த அவ்வுறவு இன்று வலைப்பூவரை நீண்டுள்ளது. தம் எழுத்தைத் தாமே வெளியிட்டு, அதன்வழி வருவாயும் ஈட்டும் வாய்ப்பு இன்று பலருக்கும் கிட்டியுள்ளது. அவ்வருவாய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, அதனைப் பெறும்போது எழுதுபவர் காக்க வேண்டியது எது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இதழும் விளம்பரமும்

ஓர் இதழை எழுதி, அச்சிட்டு, வாசகர் கையில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு முழுவதையும் வாசகரிடமே பெறுவதானால் இதழின் விலை உயரும். விலை உயர்ந்தால் எளியோர் அதனை வாங்க இயலாது. இச்சிக்கலுக்கு நியூயார்க் நகரில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் டே என்பவர் 1833ஆம் ஆண்டு ஒரு வழி கண்டார். மற்ற நாளிதழ்கள் ஆறு சென்ட்டுக்கு விற்ற அக்காலத்தில், அவர் தம்முடைய ‘சன்’ நாளிதழை ஒரு சென்ட்டுக்கு விற்றார். விலை குறைந்ததால் வாசகர் பெருகினர். வாசகர் பெருகியதால் வணிகர் விளம்பரம் தர முன்வந்தனர். விற்பனையில் குறைந்த பணத்தை விளம்பரம் ஈடுசெய்தது.

இம்முறையில் ஒரு பெரிய மாற்றம் மறைந்திருக்கிறது. முன்பு இதழாளர் வாசகருக்கு இதழை விற்றார். இப்போது வாசகரின் கவனத்தை வணிகருக்கும் விற்கத் தொடங்கினார். கவனம் விலைபோகும் பொருளானவுடன், அதனைக் கவர எதையும் எழுதலாம் என்னும் ஆசையும் உடன் பிறந்தது. 1835 ஆகஸ்டு மாதத்தில் அதே ‘சன்’ நாளிதழ், நிலவில் இறக்கையுடைய மனிதர்கள் வாழ்வதாகவும், அவர்களை வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் தொலைநோக்கி வழியாகக் கண்டதாகவும் ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டது. அது முழுமையும் கற்பனை. ஹெர்ஷலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் மக்கள் அதனை ஆவலுடன் வாங்கிப் படித்தனர். இன்று இணையத்தில் காணும் பரபரப்புத் தலைப்புகளுக்கு அத்தொடரை ஒரு முன்னோடி எனலாம்.

தமிழ் இதழியலிலும் விளம்பரத்தின் பங்கு பெரிது. 1926ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘ஆனந்த விகடன்’ இதழை, 1928ஆம் ஆண்டு எஸ். எஸ். வாசன் வாங்கி நடத்தினார். அவர் அதற்கு முன்னர் விளம்பர முகவராகத் தொழில் செய்தவர். விளம்பரத்தின் நுட்பம் அறிந்த ஒருவரின் கையில் அவ்விதழ் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்று வளர்ந்தது.

வலைப்பூவின் தோற்றம்

அச்சு இதழ் நடத்த முதலீடு வேண்டும். அச்சகமும் முகவர்களும் வேண்டும். இவை எவையுமின்றி ஒருவர் தம் எழுத்தை வெளியிட இணையம் வழி திறந்தது. தனியொருவரோ சிறு குழுவோ நாள் குறிப்பிட்டு எழுதும் பதிவுகளை, புதியது முதலாக அடுக்கிக் காட்டும் இணையப் பக்கமே வலைப்பூ ஆகும். ‘வெப்லாக்’ என்று 1997ஆம் ஆண்டு பெயர்பெற்ற இவ்வடிவம், பின்னர் ‘பிளாக்’ எனச் சுருங்கியது. 1999ஆம் ஆண்டு அறிமுகமான ‘பிளாகர்’ சேவையும், 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘வேர்டுபிரஸ்’ மென்பொருளும் கணினி நிரல் எழுதத் தெரியாதவரும் வலைப்பூ தொடங்க வகைசெய்தன.

தமிழில் 2003ஆம் ஆண்டளவில் வலைப்பூக்கள் மலரத் தொடங்கின. ஒருங்குறி எழுத்துமுறை பரவியதால், ஒரு கணினியில் எழுதிய தமிழை வேறொரு கணினியில் எழுத்துச் சிதையாமல் படிக்க முடிந்தது. பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டிய ‘தமிழ்மணம்’ போன்ற திரட்டிகள் எழுதுவோரையும் படிப்போரையும் இணைத்தன.

வலைப்பூக்களில் விளம்பரம் இட்டு வருவாய் பகிரும் ‘ஆட்சென்ஸ்’ திட்டத்தைக் கூகுள் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடங்கியது. ஆனால், அத்திட்டம் ஏற்கும் மொழிகளின் வரிசையில் தமிழ் 2018 பிப்ரவரியில்தான் இடம்பெற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ 15 ஆண்டுகள் தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் வருவாயை எதிர்பாராமல் எழுதினர். தமிழ் வலைப்பூ ஆர்வத்தால் வளர்ந்தது. வருவாய் பின்னர் வந்து சேர்ந்தது.

தொடங்கும் முறை

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர், பட்டு நெசவு பற்றி வலைப்பூ தொடங்க விரும்புவதாகக் கொள்வோம். அவர் செய்ய வேண்டியவை எவை?

முதலாவது, பொருள் தெரிவு. எல்லாவற்றையும் பற்றி எழுதும் வலைப்பூவைவிட, ஒரு துறையை ஆழ்ந்து எழுதும் வலைப்பூவை வாசகர் நினைவில் கொள்வர். சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து தறியிலேயே இணைக்கும் கோர்வை முறையை அம்மாணவி தம் வீட்டுத் தறியிலேயே கண்டவர். நேரில் கண்டதை எழுதும்போது, பிறர் எழுத்தைப் பார்த்து எழுதுவோரால் தர இயலாத செய்திகளை அவரால் தர முடியும்.

இரண்டாவது, இடமும் பெயரும். கட்டணமில்லாச் சேவையில் தொடங்கலாம். தனிப்பெயர் வேண்டுமெனில் ஆண்டுக் கட்டணம் செலுத்திக் களப்பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் சிறியதாகவும், பொருளைக் காட்டுவதாகவும் இருத்தல் நன்று.

மூன்றாவது, தொடர்ந்து எழுதுதல். வாசகர் தேடுபொறியில் கேட்கக்கூடிய வினாக்களுக்குத் தெளிவான விடையாகப் பதிவுகள் அமைய வேண்டும். ‘உண்மையான சரிகையை எவ்வாறு அறிவது?’, ‘பட்டுச் சேலையை எவ்வாறு பாதுகாப்பது?’ என்பன அத்தகைய வினாக்கள். எழுத்தும் படமும் சொந்தமானவையாக இருக்க வேண்டும். பிறர் படைப்பை இசைவின்றி எடுத்தாள்வது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு எதிரானதாகலாம். விளம்பர நிறுவனங்களும் நகலெடுத்த பதிவுகள் கொண்ட தளங்களை ஏற்பதில்லை.

நான்காவது, விண்ணப்பம். போதிய பதிவுகள் சேர்ந்தபின் விளம்பரத் திட்டத்தில் இணைய விண்ணப்பிக்கலாம். ஆட்சென்ஸ் திட்டத்தில் இணைய 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அவ்வயது நிரம்பாதவர் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கணக்கின் வழியாகவே இணையலாம். எனவே, அம்மாணவி முதலில் பேச வேண்டியது தம் பெற்றோரிடமே.

வருவாய் வரும் வழி

பூச்சந்தையில் கூடை வந்து இறங்கியதும் வணிகர் விலை கேட்டு ஏலம் எடுப்பர். வலைப்பூவிலும் ஏலம் நடைபெறுகிறது. வாசகர் ஒருவர் பக்கத்தைத் திறந்ததும், அதிலுள்ள விளம்பர இடத்திற்குப் பல வணிகர்களின் சார்பில் கணினிகள் விலை கேட்கின்றன. நொடிப்பொழுதில் ஏலம் முடிந்து, வென்றவரின் விளம்பரம் திரையில் தோன்றுகிறது. பக்கத்தின் பொருள், வாசகர் இருக்கும் இடம், அவர் முன்பு பார்த்த தளங்கள் ஆகியவை விலையைத் தீர்மானிக்க உதவுகின்றன. வாசகரைப் பற்றிய இத்தகைய செய்திகள் திரட்டப்படுவதை வலைப்பூவின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் தெரிவிப்பது கடமையாகும்.

விளம்பரத்தை வாசகர் சொடுக்கினால் தரப்படுவது ஒருவகைக் கட்டணம். திரையில் தோன்றினாலே தரப்படுவது மற்றொரு வகை. ஆட்சென்ஸ் திட்டம் 2024ஆம் ஆண்டு முதல் இரண்டாம் முறைப்படி வருவாயைக் கணக்கிடுகிறது. கூகுளின் விளம்பரச் சேவை வழியாக வணிகர் செலவிடும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு தளத்தை நடத்துபவருக்குச் சேர்கிறது. எஞ்சியதை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது.

தம் தளத்து விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் முறையற்றவை. பொருளை வாங்கும் எண்ணமில்லாத ஒருவரின் சொடுக்குக்கு வணிகர் பணம் இழக்கிறார். இத்தகைய செயல் கண்டறியப்பட்டால் கணக்கு முடக்கப்படும். ஈட்டிய தொகையும் கிட்டாமல் போகலாம்.

வருவாயின் அளவு

வீட்டிலிருந்தபடியே சில நாள்களில் பெரும்பொருள் ஈட்டலாம் என்னும் பேச்சை நம்பி வலைப்பூ தொடங்குவோர் உண்டு. ஓர் எளிய கணக்கு உண்மையை உணர்த்தும். மாணவியின் வலைப்பூ மாதம் 20,000 முறை பார்க்கப்படுவதாகவும், 1,000 பார்வைக்கு 40 ரூபாய் கிடைப்பதாகவும் கொள்வோம். மாத வருவாய் 800 ரூபாய் ஆகும். ஆட்சென்ஸ் கணக்கில் 100 அமெரிக்க டாலர் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு வரும். ஒரு டாலர் 85 ரூபாய் எனக் கொண்டால் அத்தொகை 8,500 ரூபாய். அதனை எட்டப் பதினொரு மாதங்கள் ஆகும்.

மாதம் 20,000 பார்வைகளும் முதல் நாளிலேயே கிட்டுவதில்லை. ஒரு நாளைக்கு 660 பேருக்கு மேல் வந்து படித்தால்தான் அவ்வெண்ணிக்கை நிறையும். ஆகவே, விளம்பர வருவாயைத் தொடக்கத்தில் கைச்செலவுக்கு உதவும் சிறு தொகையாகக் கருதுவதே பொருத்தம். படிப்பை விட்டுவிட்டுச் செய்யத்தக்க தொழிலாக அதனைக் கருதலாகாது. ஈட்டும் தொகை வருமான வரிக் கணக்கில் காட்டப்பட வேண்டியது என்பதையும் அறிதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காலத்தில், 1903ஆம் ஆண்டு ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்னும் இதழ் தொடங்கப்பெற்றது. அது தொடக்கத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. முதலில் விளம்பரங்களை வெளியிட்ட அவ்விதழ், பின்னர் அவற்றை நிறுத்திக்கொண்டது. விளம்பரம் திரட்டுவதற்கு வணிகரை நாடி நயந்து பேச வேண்டியிருந்ததும், எதனை ஏற்பது, எதனை மறுப்பது என முடிவு செய்வதில் இருந்த இடர்ப்பாடும் அதற்குக் காரணங்களாயின. சந்தாவைக் கொண்டு இதழைத் தாங்குவது வாசகரின் பொறுப்பு என்பது அவர் கருத்து.

நம்பிக்கையே முதல்

மாணவியின் வலைப்பூ ஓரளவு பெயர்பெற்றுவிட்டது எனக் கொள்வோம். ஒரு நாள் துணி வணிகர் ஒருவர் அவரை அணுகுகிறார். தம் கடையில் விற்கும் விசைத்தறிச் சேலைகளைக் கைத்தறிச் சேலைகள் எனப் பாராட்டி ஒரு பதிவு எழுதினால் 5,000 ரூபாய் தருவதாகக் கூறுகிறார். ஆறு மாத விளம்பர வருவாய்க்கும் மேற்பட்ட தொகை அது. வீட்டிலும் பணத்தேவை உண்டு. ஒரே ஒரு பதிவுதானே என்றும் மனம் எண்ணும்.

அப்பதிவைப் படித்து, தம் மகளின் திருமணத்திற்குச் சேலை எடுக்க வரும் ஒருவர் கைத்தறியின் விலையைக் கொடுத்து ஏமாறுவார். பல நாள் தறியில் அமர்ந்து நெய்த சேலை விற்காமல், மாணவியின் தெருவிலேயே ஒரு நெசவாளர் வருந்துவார். உண்மை வெளிப்படும் நாளில் முன்பு எழுதிய நல்ல பதிவுகளையும் வாசகர் ஐயுறுவர். பதிவுக்கு 5,000 ரூபாய் கிட்டியது அம்மாணவியின் எழுத்துத்திறத்திற்காக மட்டுமன்று. அவர் சொன்னால் உண்மையாக இருக்கும் என்று வாசகர் கொண்ட நம்பிக்கைக்காகவே. அந்நம்பிக்கையை ஒரு முறை விற்றால் மறுமுறை விற்க எதுவும் எஞ்சாது.

சட்டமும் இதனைக் கருத்தில் கொண்டுள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைப்பவருக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம் ஒன்று தடைசெய்துள்ளது. பணமோ பரிசோ பெற்று ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது, அது விளம்பரம் என்பதை வாசகர் எளிதில் அறியும்படி தெரிவிக்க வேண்டும் எனவும் நெறிமுறைகள் உள்ளன.

அவ்வணிகரிடம் மாணவி கூறத்தக்க விடை ஒன்று உண்டு. விசைத்தறிச் சேலையை விசைத்தறிச் சேலை என்றே குறிப்பிட்டு, அதன் விலைக்குறைவையும் பயனையும் உள்ளபடி எழுதி, மேலே ‘விளம்பரம்’ எனத் தெளிவாகப் பொறித்து வெளியிட இசையலாம். வணிகர் அதற்கு உடன்பட்டால் வருவாயும் வரும்; வாசகரும் ஏமாறார். உடன்படாவிடில் அத்தொகையை இழப்பதே ஊதியம்.

நிறைவாக

ஒரு சென்ட் நாளிதழ் முதல் வலைப்பூ வரை விளம்பரத்தின் அடிப்படை மாறவில்லை. வாசகர் தரும் கவனமே வருவாயாக மாறுகிறது. விளம்பரம் எழுத்தை எளியோர் கையிலும் சேர்த்தது. எழுதுவோருக்குப் பொருளும் தந்தது. அதுவே பொய்யை எழுதவும் தூண்டியது. இவற்றுள் எதனை ஏற்பது என்னும் முடிவு எழுதுபவரிடமே உள்ளது. தமக்கு நன்கு தெரிந்ததை, தம் மொழியில், உண்மையாக எழுதும் மாணவருக்கு வருவாய் மெல்ல வரலாம், சிறிதாகவும் வரலாம். ஆனால், அவர் சொல்லை நம்பி மறுநாளும் வாசகர் வருவர். வலைப்பூவை வாழவைப்பது அவ்வருகையே ஆகும்.