வரைபடத்தில் மிஞ்சிய மாட்டுப் பண்ணை

ஒரு சிறிய கறுப்புச் சதுரம்: அது வீடு. பக்கத்தில் காற்றாடி, தண்ணீர்த் தொட்டி, மாட்டுப் பட்டி. சுற்றிலும் மேடு பள்ளத்தைக் காட்டும் பழுப்பு நிறக் கோடுகள். 1940, 1950-களில் அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்ட வரைபடங்களில், மேற்கு மாநிலங்களின் மாட்டுப் பண்ணைகள் இப்படித்தான் காட்சி தருகின்றன. தரையில் 2 ஆயிரம் அடி, காகிதத்தில் 1 அங்குலம்! அத்தனை நுணுக்கமாகவும் வரைந்தார்கள்.

மழை குறைந்த சீமை அது. வற்றாத ஆறு அபூர்வம். காற்றாடி சுழன்று நிலத்தடி நீரை இறைத்தால்தான் மாடு பிழைக்கும். ஆகவே வழிப்போக்கனுக்கும் பண்ணைக்காரனுக்கும் ஊர்ப் பெயரைவிடக் கிணறு இருக்கும் இடமே முக்கியம்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு வறண்ட சமவெளி. ஸ்பானிய மொழியில் அதன் பெயருக்கு 'செத்தவனின் பயணம்' என்று பொருள். அங்கே ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒருவர் 1913-ல் ஒரு வீடு கட்டினார். பிறகு அது மெக்டொனால்டு குடும்பத்தின் பண்ணை வீடானது.

1942-ல் போர் விமானங்களின் குண்டு வீச்சுப் பயிற்சிக்காக ராணுவம் அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது. பண்ணைக்காரர்கள் வெளியேறினர். போர் முடிந்ததும் திரும்பலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

1945 ஜூலையில் அந்த வீட்டின் படுக்கை அறையில் விஞ்ஞானிகள் கூடினர். உலகின் முதல் அணுகுண்டின் புளுட்டோனியக் கரு அங்கேதான் பொருத்தப்பட்டது. மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியில் அவர்கள் நீந்தி வெயிலைத் தணித்துக்கொண்டார்களாம்!

ஜூலை 16 அதிகாலை குண்டு வெடித்தது. வீட்டுக்கும் வெடித்த இடத்துக்கும் இடையே சுமார் 2 மைல். வரைபடத்தில் வெறும் ஐந்தேகால் அங்குலம்! ஜன்னல்கள் தெறித்தன. சுவர்கள் நின்றன.

போர் முடிந்தது. நிலம் திரும்பவில்லை. அது ஏவுகணைத் தளமாயிற்று.

40 ஆண்டுகள் கழித்து, 1982-ல், அதே குடும்பத்தைச் சேர்ந்த 81 வயது முதியவர் துப்பாக்கியுடன் தம் பழைய பண்ணைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு வெளியேறினார். பண்ணை அவர் கைக்கு வரவில்லை.

1984-ல் அரசே அணுகுண்டு வீட்டைச் செப்பனிட்டது. 1945-ல் இருந்தபடியே அது இன்று காட்சிப் பொருளாக நிற்கிறது. மாடு மேய்த்தவர்களின் பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது.

பெயர் மட்டும்தான் அங்கே தங்கிற்று. பெயருக்கு உரியவர்கள் தங்கவில்லை.