நகர்ந்த கோடு, கரைந்த கோடு

துருவக் கடலில் பனி எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்ற கேள்விக்கு 1891இல் வியன்னாவின் யோசெப் ஸ்டெஃபான் ஒரு விடையை அச்சிட்டார். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி உள்ளுறை வெப்பம் வெளிவருகிறது. அது ஏற்கெனவே உறைந்த பனியைக் கடந்துதான் மேலே போக வேண்டும். பனி தடிக்கத் தடிக்கப் பாதை நீள்கிறது, உறைதல் மந்தமாகிறது. உப்பில்லாத நீரில், பனியின் மேற்பரப்பு −10 டிகிரி செல்சியஸில் நிலைத்திருந்தால் முதல் நாளில் ஏறத்தாழ 11 செ.மீ., நான்காம் நாளில் 22, ஒன்பதாம் நாளில் 33. தாளும் பென்சிலும் போதும்.

அன்று கணக்கின் மையம், நீரும் பனியும் சந்திக்கும் அந்தக் கோடு. அது ஓயாமல் நகரும். கணக்கிடுபவர் பின்னாலேயே போக வேண்டும். 1950இல் லாண்டாவ், ஆயத்தையே நீட்டிச் சுருக்கி அதை ஓரிடத்தில் நிறுத்தினார். 1959இல் மர்ரேயும் லாண்டிஸும், கணக்குக்காகப் பொருளைப் பிரித்த கட்டங்களை அதனுடன் சேர்த்து நகர்த்தினார்கள். கோடு வளைந்து மடிந்தாலோ, இரண்டாகப் பிரிந்தாலோ இந்த வழிகள் தடுமாறின.

இன்று பரவலாகப் பயன்படும் முறையில் கட்டங்கள் நகர்வதில்லை. கோட்டைத் துரத்துவதும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மொத்த வெப்பத்தைக் கணக்கிட்டு, அதில் எவ்வளவு பங்கு திரவம் என்று 0 முதல் 1 வரை ஓர் எண் தருகிறார்கள். 1987இல் வோலரும் பிரகாஷும் பாதி உறைந்த கட்டத்தை நுண்துளைப் பொருளாகக் கொண்டு, உருகிய திரவத்தின் ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்தனர். 1986இல் காவும் விஸ்கான்டாவும் காலியம் உருகும் வடிவத்தை அறிய, உருகியதை வடித்துவிட்டு எஞ்சிய திண்மத்தை அளந்தார்கள். இன்று எதையும் வடிக்காமல், அந்த வடிவம் நொடிக்கு நொடி மாறுவதைத் திரையில் காணலாம். அச்சில் ஊற்றிய உலோகத்துக்கும், சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் மெழுகுக்கும் இதே கணக்குதான்.

ஆனால் கூர்மையான கோடு இப்போது கட்டங்களுக்குள் கரைந்த மங்கல் பட்டை. பாதி உறைந்த கட்டம் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு ஒரு மாறிலியைப் பயனர் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மாற்றினால் உருகும் நேரமும் மாறக்கூடும். மென்பொருள் முன்கூட்டியே நிரப்பித் தரும் மதிப்பை அப்படியே விட்டுவிடுவது எளிது. ஸ்டெஃபானின் சூத்திரத்தில் அப்படித் திருகக்கூடிய எண் ஏதும் இல்லை. அதில் இருந்ததெல்லாம் அளந்தறியக்கூடியவை.

அதனால்தானோ என்னவோ, புது நிரல் எழுதுபவர் சிக்கலான வார்ப்புக்குப் போகுமுன் அந்தப் பழைய ஒற்றைத்திசைக் கணக்கை ஓட்டிப் பார்க்கிறார். நான்காம் நாளில் 22 வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் பிழை நிரலில்தான்.