சிவப்புக் கோடுகளின் விலை

பார்பி பொம்மைகளை விற்றுவந்த மேட்டெல் நிறுவனம் 1977-இல் உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆட்டக் கருவியைக் கொண்டுவந்தது. பெயர் ‘ஃபுட்பால்’. நாம் காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல. அமெரிக்கர்கள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது. திரை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சின்னச் சின்னச் சிவப்பு விளக்குக் கோடுகள். பளிச்சென்று எரிவது நீங்கள். மங்கலாக எரிபவை உங்களை மடக்க வரும் எதிரணி. பந்தை வீசவும் வழியில்லை, ஓட மட்டுமே முடியும்.

உள்ளே இருந்தது கால்குலேட்டர் சிப். மேட்டெலின் ஜார்ஜ் க்ளோஸுக்கு, கணக்குப் போடும் சிப்பை விளையாட வைத்தால் என்ன என்று தோன்றியது. ராக்வெல் நிறுவனத்தின் மார்க் லெஸர் அதற்கு நிரல் எழுதினார். இந்த வரிசையில் 1976-இல் வந்த ‘ஆட்டோ ரேஸ்’ என்ற முதல் கருவிக்கு அவர் எழுதிய நிரல் முழுவதும் 511 பைட்தான். இன்று ஒரு குறுஞ்செய்திப் படம்கூட அதில் அடங்காது.

‘ஃபுட்பால்’ போன்ற இவ்வளவு எளிய பொருளை அமெரிக்காவின் சியர்ஸ் கடைக்காரர்கள் முதலில் நம்பவில்லை. பெரிதாக விற்காது என்று கணக்குப் போட்டார்கள், உற்பத்தியும் குறைந்தது. பிறகு கடையில் இருந்ததெல்லாம் காலியாக, 1978 தொடக்கத்தில் வாரத்துக்கு 5 லட்சம் வரை தயாரானதாகச் சொல்வார்கள். அதே ஆண்டு பந்து வீசும் வசதியோடு ‘ஃபுட்பால் 2’ வந்தது. கோலிகோ என்ற நிறுவனமும் போட்டிக்கு இறங்கியது.

அன்று குவியல் குவியலாக விற்றதுதான் இன்று சேகரிப்பாளர் சந்தையில் அதன் விலையை அமுக்குகிறது. பரணில் கிடந்த கருவி பொன்னாய் விளையும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வெறும் கருவிக்குப் பெரிய மதிப்பு கிடையாது. மதிப்பு, அன்று யாரும் மதிக்காத சாமான்களுக்கு: அட்டைப்பெட்டி, விளக்கத் தாள், பின்பக்கத்து பேட்டரி மூடி. பிள்ளைகள் முதல் நாளே கிழித்த பெட்டியும், முதல் மாதமே தொலைத்த மூடியும்தான் இன்று விலையைத் தீர்மானிக்கின்றன. ஆசை ஆசையாய் விளையாடித் தேய்த்த கருவிக்கு விலை குறைவு. பரிசாக வந்து பிரிக்கப்படாமலே கிடந்ததற்கு ஏறுமுகம். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது. ஆனால் சந்தை அன்பை எடைபோடுவதில்லை.

வாங்குபவர் முதலில் பின்பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய 9 வோல்ட் பேட்டரி கசிந்து இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம். விளக்குகளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பின்னால் வந்த எல்சிடி கருவிகளின் திரை கறுத்துப்போவதுண்டு. இந்தச் சிவப்புக் கோடுகளுக்கு அந்த நோய் இல்லை. மேட்டெல் 2000-இல் இதையே மறுபடியும் தயாரித்து விற்றது. புதியதைப் பழையதென்று சொல்லி விற்பவர்களும் உண்டு. முதுகில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படித்துவிட்டே பணத்தை எடுங்கள்.