மலையும் கடலும் நமக்கும்தான்!

"அண்ணே, லீவு எடுத்து என்ன பண்றது? வீட்டுல படுத்துக் கிடக்குறதுக்குக் காசா வாங்கிக்கிட்டா நல்லதுதானே?"

தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. சகோதர சகோதரிகளே, இன்று அதற்கு ஒரு பதில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து தெலுக் பஹாங் போனோம். சுங்கை பினாங்கில் என் வீட்டிலிருந்து கிளம்பி, கொம்தாரில் 101 ஆம் எண் பஸ் ஏறினால் தீவின் வடமேற்கு மூலையில் இறங்கலாம். அங்கேதான் 2003 இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. நிலமும் கடலும் சேர்த்து சுமார் 2,500 ஹெக்டர். ஒரு பெரிய தோட்டத்தின் அளவுதான்!

காட்டுப் பாதையில் மலையேறி இறங்கினால் பந்தாய் கெராச்சுட் கடற்கரை. பின்னால் மலை, முன்னால் மேற்குக் கடல். கூடாரத்து வாசலில் உட்கார்ந்தபடியே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஓர் அதிசய ஏரி. மேலே மழைத் தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலப்பதில்லை. பச்சை ஆமைகள் இந்த மணலில் முட்டையிட வருகின்றன. மீன்வளத் துறை அந்த முட்டைகளைக் காத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. பிள்ளைகள் அங்கிருந்து நகரவே இல்லை.

எங்களோடு வந்த மாமா பழைய பால்வெட்டுக்காரர். மரத்தடியில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "என்ன மாமா?" என்றேன்.

"நாப்பது வருஷம் மரத்துக்கு மரம் ஓடினேன் தம்பி. மரத்தடியில சும்மா உக்காந்தது இன்னிக்குத்தான்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாம் விற்றுவிடுகிற லீவு இதுதான்!

1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு 16 நாள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, நம் உரிமை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கூடாரம் போட நுழைவாயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்றும் கேளுங்கள். பாதை மூடியிருந்தால் படகு உண்டு. கெராச்சுட்டில் நீரோட்டம் பலமானது, பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். இரவில் மணலில் டார்ச்சு அடித்தால் ஆமை திரும்பிப் போய்விடும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். குப்பையை மூட்டை கட்டி எடுத்து வாருங்கள்.

கடைசியாக ஆண்களுக்கு ஒன்று. அங்கே போயும் சோறாக்குவது பெண்கள்தான் என்றால் அவர்களுக்கு ஏது லீவு? அரிசியை நீங்கள் களையுங்கள். அவர்களும் ஒரு நாள் கடலைப் பார்க்கட்டும்!