கதை முடிந்த பின்னர்



அரசகுமாரனும் ஏழைப் பெண்ணும் மணம் புரிந்து நெடுங்காலம் இன்பமாக வாழ்ந்தனர் என்று கதையை முடித்ததும், “அப்புறம் என்ன ஆயிற்று, ஐயா?” என்று கேட்கும் சிறுவன் ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான். ஆசிரியப் பணியில் இருந்த நாளில் அத்தகைய சிறுவர் பலரை நான் கண்டதுண்டு. “கதை முடிந்துவிட்டது, உட்கார்” என்று அவர்களை அமர்த்தியதும் உண்டு. அந்தக் கேள்வியை அடக்கியது பிழை என்று எனக்கு உணர்த்தியது அமெரிக்க நாட்டு இசை நாடகம் ஒன்று. சிறுவர் கதைகளைக் கருவாகக் கொண்டு, நாட்டின் தலைமை நாடக மையத்திலன்றி, ஓர் ஊர் அரங்கில் முதன்முதல் மேடையேறிய நாடகம் அது. அதனைப் பற்றியும், அது பிறந்த அரங்கைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நாடகத்தின் பெயர் ‘இன்டு தி வுட்ஸ்’. ‘காட்டுக்குள்ளே’ என்று தமிழில் சொல்லலாம். பாடலும் இசையும் ஸ்டீபன் சாண்ட்ஹைம் என்பவருடையவை. கதை உரையாடலை எழுதி, நாடகத்தை இயக்கியவர் ஜேம்ஸ் லாபைன். 1986 டிசம்பர் 4ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோ நகரில், ஓல்ட் குளோப் என்னும் அரங்கில் அது முதன்முதல் நடிக்கப்பெற்றது.

அமெரிக்காவில் நாடகம் என்றால் நியூயார்க் நகரத்துப் பிராட்வே வீதியே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கு நாடகம் பெரும்பாலும் வாணிகம். முதல் போட்டவர் இலாபம் எதிர்பார்ப்பர். கூட்டம் குறைந்தால் நாடகம் மூடப்படும். இந்நிலைக்கு மாறாக, ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர் மக்களின் ஆதரவில், இலாப நோக்கமின்றி நடைபெறும் அரங்குகள் வேண்டுமென்று எண்ணியவர்கள் 1947இல் டாலஸ், ஹூஸ்டன் ஆகிய நகரங்களிலும், 1950இல் வாஷிங்டனிலும், 1963இல் மினியாபொலிஸ் நகரிலும் அரங்குகளை நிறுவினர். மார்கோ ஜோன்ஸ், நீனா வான்ஸ், செல்டா பிச்சாண்ட்லர் ஆகிய பெண்மணிகள் மூவர் இவ்வியக்கத்தின் முன்னோடிகளாக மதிக்கப்படுகின்றனர். இவ்வாறு தோன்றியவையே வட்டார நாடக அரங்குகள். ஆண்டின் தொடக்கத்திலேயே பருவம் முழுமைக்கும் நுழைவுச் சீட்டு வாங்கும் ஊர் மக்களும், நன்கொடையாளரும் இவற்றைத் தாங்குகின்றனர்.

ஓல்ட் குளோப் அரங்கின் வரலாறு இவற்றுக்கும் முந்தியது. 1935இல் சான் டியேகோவின் பல்போவா பூங்காவில் ஒரு பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சுருக்கி நடிப்பதற்கென, இலண்டன் நகரத்துப் பழைய குளோப் அரங்கின் சாயலில் ஒரு கொட்டகை எழுப்பப்பட்டது. காட்சி முடிந்ததும் அதைப் பிரித்துவிடுவதாக ஏற்பாடு. ஊர் மக்கள் அதற்கு இசையவில்லை. பொருள் திரட்டி அதனைக் காப்பாற்றி, நிலையான அரங்காக்கினர். 1978இல் தீயோர் வைத்த நெருப்பில் அது எரிந்து போயிற்று. மக்கள் மீண்டும் திரண்டனர். 1982இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1984இல், சிறந்த வட்டார அரங்குக்குரிய டோனி விருது அதற்குக் கிடைத்தது.

பேர்பெற்ற இசையாசிரியரான சாண்ட்ஹைம் தம் புதிய நாடகத்தை நேரே பிராட்வேக்குக் கொண்டு செல்லாமல் இந்த அரங்கை நாடியது ஏன்? காரணம் அவருடைய முந்திய அனுபவத்தில் இருக்கிறது. 1981இல் ‘மெரிலி வி ரோல் அலாங்’ என்னும் அவருடைய நாடகம், வெளியூரில் நடித்துப் பார்க்கப்படாமல், நியூயார்க்கிலேயே முன்னோட்டம் கண்டு அரங்கேறிற்று. நகரமே பார்த்துக்கொண்டிருக்கத் திருத்தங்கள் நடந்தன. விளைவு என்ன? அரங்கேற்றத்திற்குப் பின் 16 காட்சிகளோடு அது நின்றுபோயிற்று. பின்னர் 1985இல், சான் டியேகோவைச் சேர்ந்த லா ஹோயா பகுதியிலுள்ள மற்றொரு வட்டார அரங்கில், லாபைன் இயக்கத்தில் அது திருத்தி நடிக்கப்பட்டது. ஆகவே, பிழை செய்யவும், செய்த பிழையைத் திருத்தவும் இடமளிக்கும் மேடை ஒரு கலைஞனுக்கு எவ்வளவு தேவை என்பதை அவ்விருவரும் நன்கு அறிந்திருந்தனர்.

இனி நாடகத்தின் கதைக்கு வருவோம். சிண்டரெல்லா, செந்துகில் சிறுமி, மாயக் கூந்தலுடைய ரபன்சல், அவரைக் கொடியேறிய ஜாக் ஆகியோரின் கதைகள் உங்களுக்குத் தெரிந்தவையே. இவற்றுள் ஜாக்கின் கதை ஆங்கில நாட்டினது. ஏனைய மூன்றும் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுதியில் உள்ளன. சிண்டரெல்லாவின் கதையைப் பிரெஞ்சு ஆசிரியர் பெரோ 1697இலேயே எழுதியிருந்தார். தேவதையும் கண்ணாடிக் காலணியும் அவர் தந்தவை. லாபைன் அவரைப் பின்பற்றாமல் கிரிம் சகோதரரையே பின்பற்றினார். ஆதலின் இந்நாடகத்துச் சிண்டரெல்லா, தாயின் கல்லறையில் வளர்ந்த மரத்தின் அடியில் நின்று வரம் வேண்டுகிறாள். அவளுடைய காலணியோ பொன்னாலானது.

இந்நான்கு கதைகளையும் கோப்பதற்கு லாபைன் ஐந்தாவது கதையொன்றைத் தாமே படைத்தார். ரொட்டி சுடுபவன் ஒருவனும் அவன் மனைவியும் மகப்பேறின்றி வருந்துகின்றனர். அண்டை வீட்டுச் சூனியக்காரி இட்ட சாபமே அதற்குக் காரணம். ஒரு வெண்பசு, ஒரு சிவப்பு மேலாடை, ஒரு பொன்னிறக் கூந்தல் இழை, ஒரு பொற்காலணி ஆகிய நான்கையும் மூன்று நள்ளிரவுகளுக்குள் கொணர்ந்தால் சாபம் தீரும் என்கிறாள் அவள். பசு ஜாக்கினுடையது, மேலாடை சிறுமியினுடையது, கூந்தல் ரபன்சலினுடையது, காலணி சிண்டரெல்லாவினுடையது. எல்லோரும் தத்தம் விருப்பத்தைத் தேடிக் காட்டுக்குள் புகுகின்றனர். அங்கே ஒருவர் கதை மற்றவர் கதையோடு முட்டுகிறது. பொய்யும் சிறு திருட்டும் ஏமாற்றும் நிகழ்கின்றன. இறுதியில் அவரவர் வேண்டியது கைகூடுகிறது. எல்லோரும் மகிழ்ந்து பாட, திரை விழுகிறது.

ஆனால் அது இடைவேளைத் திரைதான். “அப்புறம் என்ன ஆயிற்று?” என்ற சிறுவனின் கேள்விக்கு விடை அதன் பின்னரே தொடங்குகிறது.

பசுவைப் பெறுவதற்காக ரொட்டி சுடுபவன் ஜாக்கிடம் ஐந்து மாய அவரை விதைகளைத் தந்தான். ஆறாவது விதையொன்று அவனிடம் எஞ்சியிருந்தது. அவன் மனைவி அதைச் சிண்டரெல்லாவிடம் நீட்டிக் காலணியைக் கேட்டாள். அவளோ விதையின் மதிப்பறியாது அதனை வீசியெறிந்தாள். அந்த ஒற்றை விதையிலிருந்து இரண்டாவது கொடி வானளாவ வளர்கிறது. ஜாக்கினால் கொல்லப்பட்ட இராட்சதனின் மனைவி, கணவனைக் கொன்றவனைத் தேடி அதன் வழியே இறங்கி வருகிறாள். வினை விதைத்தவன் வினையறுப்பான் என்பது நம் பழமொழி. இங்கே விதை என்பது உவமையாக நில்லாமல் உண்மையாகவே முளைத்துவிடுகிறது. இராட்சதியின் சினத்திலும் நியாயம் இருப்பதைக் கவனியுங்கள். அவள் வீட்டுப் பொருளைத் திருடி, அவள் கணவனையும் மாய்த்தவன் ஜாக் அல்லவா?

கேடு வந்ததும் மனிதர் முதலில் செய்வது என்ன? யார் குற்றம் என்று ஆராய்வதுதான். விதையை வாங்கிய ஜாக்கின் குற்றமா, கொடுத்தவன் குற்றமா, முதலில் அதைச் சூனியக்காரியின் தோட்டத்தில் திருடிய தந்தையின் குற்றமா, வீசியெறிந்தவள் குற்றமா? ஒருவர் மீது ஒருவர் சுட்டுவிரல் நீட்டி விரைந்து பாடும் காட்சியொன்று இப்பகுதியில் வருகிறது. பழி கைக்குக் கை மாறி, சுற்றிச் சுற்றி வருகிறது, எவரிடத்தும் தங்குவதில்லை. அதற்கு முன்னரே, கதையைச் சொல்லிவந்த கதைசொல்லியைச் சூனியக்காரி பிடித்து இராட்சதியிடம் தள்ளிவிடுகிறாள். அதன் பின் கதை எவ்வழிச் செல்லும் என்று சொல்வார் எவரும் இல்லை. பலர் மாண்டபின், மனைவியை இழந்த ரொட்டி சுடுபவன், சிண்டரெல்லா, சிறுமி, ஜாக் ஆகிய நால்வர் எஞ்சுகின்றனர். அவர்கள் பழிகூறுவதை நிறுத்திய பிறகே, கூடி நின்று இராட்சதியை வெல்ல முடிகிறது.

இத்தகைய கதையை ஓர் ஊர் அரங்கம் எவ்வாறு காட்டும் என்று நீங்கள் வினவலாம். இராட்சதி மேடைக்கு வருவதேயில்லை. திரைக்கு அப்பாலிருந்து அவளுடைய குரல் மட்டும் இடிபோல் ஒலிக்கும். காணாத ஒன்றைக் கற்பனை கண்டுகொள்ளும். கண்டால் அச்சம் குறைந்துவிடும். இசையிலும் இத்தகைய நுட்பம் உண்டு. அவரை விதைகளுக்கென ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறு இசைத் தொடரைச் சாண்ட்ஹைம் அமைத்தார். அது வெவ்வேறு பாடல்களில் உருமாறி மீண்டும் மீண்டும் தலைகாட்டும். விதையைப் பற்றிய பேச்சே இல்லாத இடத்திலும், செய்த செயல் நம்மைத் தொடர்கிறது என்பதைக் காது உணர்ந்துகொள்ளும்.

சான் டியேகோவில் நாடகம் 50 காட்சிகள் நடைபெற்றது. அங்கு தொடங்கிய திருத்தம், 1987 நவம்பர் 5ஆம் நாள் பிராட்வேயில் மார்ட்டின் பெக் அரங்கில் நாடகம் ஏறும்வரை நீடித்தது. இரண்டு மாற்றங்களை மட்டும் சொல்கிறேன். சான் டியேகோவில் கதைசொல்லியாக நடித்தவரே ஓநாயாகவும் நடித்தார். பிராட்வேயிலோ, சிண்டரெல்லாவின் இளவரசனாக வருபவரே ஓநாயாகவும் வந்தார். அழகிய இளவரசனுக்குள்ளும் பசியுள்ள ஓநாய் ஒன்று உண்டு என்பது இதனால் சொல்லாமலே விளங்கிற்று. மற்றொன்று, ‘நோ ஒன் இஸ் அலோன்’ என்னும் பாடல். எவரும் தனித்து இல்லை என்பது அப்பெயரின் பொருள். தாயை இழந்த ஜாக்குக்கும், தாயையும் பாட்டியையும் இழந்த சிறுமிக்கும் மூத்தவர் இருவர் ஆறுதல் கூறும் பாடல் இது. இந்நாடகத்தின் உயிர்நிலை என்று இன்று பலரும் போற்றும் இப்பாடல் தொடக்கத்தில் இல்லை. நடித்துப் பார்த்த பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஒரு நூலின் உயிர்நிலையே திருத்தத்தில்தான் கிடைக்கக்கூடும் என்பதைக் கட்டுரைப் பயிற்சியில் அடித்து எழுத வெட்கப்படும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிராட்வேயில் நாடகம் 765 காட்சிகள் நடைபெற்றது. 1988இல் சிறந்த இசைக்கும் சிறந்த நாடக உரைக்கும் டோனி விருதுகள் கிடைத்தன. 2014இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதே 2014இல் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பியாஸ்கோ என்னும் சிறு குழு இந்நாடகத்தை ஏறக்குறைய பத்து நடிகர்களையும் ஒரே ஒரு பியானோவையும் கொண்டு, அது பிறந்த ஓல்ட் குளோப் அரங்கிலேயே மீண்டும் நடித்துக் காட்டிற்று. பியானோவின் உள்ளே இருக்கும் கம்பிகளைப் போன்ற அமைப்பே காடாகத் தோன்றியது. நடிகர் ஒருவர் கையில் மாட்டு மணியை ஏந்திப் பசுவானார். 28 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த வீடு திரும்பிய அந்நாடகம், பெரும் பொருட்செலவின்றியும் தான் வாழ முடியும் என்று மெய்ப்பித்தது.

இறுதியாக ஒரு செய்தி. பள்ளிச் சிறுவர் நடிப்பதற்கென இந்நாடகத்தின் சுருக்கப் பதிப்பொன்று அமெரிக்காவில் வழங்குகிறது. அதில் முதற்பாதி மட்டுமே உண்டு. எல்லோர் விருப்பமும் நிறைவேறியதும் நாடகம் முடிந்துவிடும். பத்து வயதுக் குழந்தைக்கு அது பொருத்தமே. அதனை நான் குறைகூறமாட்டேன். ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. வளர்ந்த மாணவனுக்கு இரண்டாம் பாதியும் உரியது. விரும்பியதைப் பெறுவது எப்படி என்று முதற்பாதி கற்பிக்கிறது. பெற்றதற்குப் பிறர் கொடுத்த விலை என்ன என்று கேட்க இரண்டாம் பாதி கற்பிக்கிறது. முதலாவதை உலகம் தானே கற்றுத் தந்துவிடும். இரண்டாவதை யாரேனும் முயன்று கற்பித்தால்தான் உண்டு.

நாடகத்தின் முடிவில் ரொட்டி சுடுபவன் தாயில்லாத தன் கைக்குழந்தையை மடியில் ஏந்தி, நடந்தவற்றையெல்லாம் கதையாகச் சொல்லத் தொடங்குகிறான். இறந்துபட்ட கதைசொல்லியின் வேலையை அவன் ஏற்றுக்கொள்கிறான். மாணவர்களே, நாளை நீங்களும் தம்பி தங்கையருக்கும் மக்களுக்கும் கதை சொல்லும் நிலைக்கு வருவீர்கள். அப்போது ஒரு குழந்தை “அப்புறம்?” என்று கேட்டால், நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். அருகில் அமர்த்திக்கொண்டு, மேலே சொல்லுங்கள்.